இரட்டை மதகில் ஒரு பிணம்

சாக்கைத் தூக்கினாள் பூங்காவனம்.

அவள் படகில், விறகுக் கட்டுகளுக்கு நடுவே, ஒரு ஆள் குப்புறக் கிடந்தான். இடுப்பில் சாரம் மட்டும். பின்னந்தலையில் ரத்தம் உறைந்திருந்தது.

அலற வாயைத் திறந்தாள்.

"கத்தாதம்மா... போலீஸ்."

குரல் கரையிலிருந்து வந்தது. காக்கிச் சட்டை, காக்கி அரைக்கால் சட்டை, தலையில் தொப்பி, இடுப்பில் ரிவால்வர். இன்ஸ்பெக்டர் நல்லையா என்று சொல்லிக்கொண்டு படகில் ஏறி, வலது ஓரத்துப் பலகையில் உட்கார்ந்தார்.

செத்துக் கிடப்பவன் காட்டுக்குள்ளிருந்து வந்த தீவிரவாதியாம். விடிகாலையில் மடக்கியபோது கைகலப்பில் போய்விட்டானாம். அவன் கூட்டாளிகள் ரோட்டில் காத்திருப்பதால், பிணத்தைத் தண்ணீர் வழியாகவே ஆற்று முகத்துக்குக் கொண்டுபோக வேண்டுமாம்.

பூங்காவனம் மறுபேச்சுப் பேசவில்லை. புருஷன் காலராவில் போன பிறகு பதினோரு வருடமாக அந்தப் படகை அவளே ஓட்டிக்கொண்டிருக்கிறாள். காஜா பேராங் ஊரிலிருந்து டவுன் சாப்பாட்டுக் கடைகளுக்கு விறகு. ஊரடங்கு, சோதனை, பெர்மிட் எல்லாம் பார்த்தவள். காக்கியிடம் கேள்வி கேட்டு யாரும் ஜெயித்ததில்லை. சாக்கை மறுபடி பிணத்தின் மேல் போர்த்தினாள்.

கோலை ஊன்றினாள். படகு வாய்க்காலில் நகர்ந்தது.

முதல் பாலம் வந்தது.

மெர்டேக்காவுக்கு, அந்தச் சுதந்திர நாளுக்கு, இன்னும் ஒன்பதே நாள். பாலத்துக் கைப்பிடியில் காகிதக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரன், ஒரு மாத்தா மாத்தா, குனிந்து பார்த்து, காக்கியைக் கண்டதும் விறைத்து சல்யூட் அடித்தான்.

"துவான்!"

இன்ஸ்பெக்டர் தலையை மட்டும் அசைத்தார். பாலத்தின் நிழல் அவர்கள் மேல் ஊர்ந்து விலகியது.

அந்த நிழல் விலகியபோதுதான் அவள் அதைப் பார்த்தாள்.

சாக்குக்கு வெளியே பிணத்தின் சாரம் முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. முழங்கால் இரண்டும் வெயிலில் கன்னங்கறுப்பு. கீழே ஆடுசதையிலிருந்து பாதம் வரை வெளுப்பு. பல வருடம் அரைக்கால் சட்டையும் நீளக் காலுறையும் சப்பாத்தும் போட்ட கால்.

போலீஸ்காரன் கால்!

அவள் கண்கள் தன்னை அறியாமல் எதிரே இருந்தவர் பக்கம் போயின. காலுறை நழுவி இறங்கியிருந்தது. முழங்காலும் ஆடுசதையும் ஒரே கறுப்பு...

நிமிர்ந்தாள். ரிவால்வர் அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்துட்டியா?" என்றான் அவன். "சரி. இனிமே நடிக்க வேணாம்."

ஆற்று முகத்தில் சுமத்ராவுக்குப் போகும் தொங்காங் சரக்குப் படகு காத்திருப்பதாகச் சொன்னான். அதில் அவன் ஏறிவிட்டால் அவள் வீட்டுக்குப் போகலாமாம். வழியில் வாயைத் திறந்தால், கேட்டவனுக்கும் ஒரு குண்டு.

அவள் நம்பவில்லை. ஒரு இன்ஸ்பெக்டரை அடித்துப் போட்டு அவர் உடுப்பையே மாட்டிக்கொண்டவன், பார்த்த சாட்சியை வீட்டுக்கு அனுப்புவானா?

கோலை மாற்றிப் பிடித்து முன்னால் பார்த்தாள்.

எதிரே இரட்டை மதகு.

வாய்க்கால் உயரம், ஆறு பள்ளம். படகு உள்ளே போனதும் பின்கதவை மூடித் தண்ணீரை வடிப்பார்கள். படகு ஆறடி இறங்கி ஆற்று மட்டத்துக்கு வந்த பிறகுதான் முன்கதவு திறக்கும். இரண்டு பக்கமும் பாசி பிடித்த கல்சுவர்.

படகு உள்ளே நுழைந்தது. பின்கதவு முனகிக்கொண்டு மூடியது.

பூங்காவனம் இடது சுவர் வளையங்களில் கயிற்றை மாட்டினாள். முன்னால் ஒரு முடிச்சு. பின்னால் ஒரு முடிச்சு. இரண்டையும் இழுத்து இறுக்கினாள்.

மேலே மதகுக் காவலர் தம்பிராஜா சக்கரத்தில் கை வைத்தபடி எட்டிப் பார்த்தார். அவர் புருவம் சுருங்கியது.

"அக்கா... அந்தக் கயிறு..."

மடியில் கழற்றி வைத்த தொப்பிக்கு அடியில் ரிவால்வர் அசைந்தது.

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "நீங்க தண்ணிய விடுங்க."

தம்பிராஜா ஒரு கணம் அவளையே பார்த்தார். பதினோரு வருடத்தில் அவள் கயிற்றைக் கட்டி அவர் பார்த்ததில்லை. கையில்தான் பிடித்திருப்பாள். தண்ணீர் இறங்க இறங்க விட்டுக்கொண்டே வருவாள்.

சக்கரத்தைச் சுற்றினார்.

தண்ணீர் இறங்கியது. நான்கு விரல்... ஒரு சாண்... படகின் வலது பக்கம் தண்ணீரோடு இறங்கியது. இடது பக்கம் கயிற்றில் தொங்கியது.

"என்னா இது? ஏன் சாயுது?"

அவன் எழுந்தான். எழுந்திருக்கக் கூடாது. விறகுக் கட்டுகள் சரசரவென்று அவன் காலைத் தேடி உருண்டன. ரிவால்வர் ஒரு முறை வானத்தைச் சுட்டது. அடுத்த நொடி ஆளும் ஆயுதமும் தண்ணீருக்குள்!

பூங்காவனம் இடது ஓரத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கினாள். விறகு வெட்டும் பாராங் கத்தியை உருவி முடிச்சுகளை வெட்டினாள். படகு தடாலென்று விழுந்து நிமிர்ந்தது.

தண்ணீரில் தலை தெரிந்தது. இருபுறமும் மூடிய கதவுகள். ஏறப் பிடிப்பில்லாத சுவர். ஆனால் அவன் வாய் ஓயவில்லை.

"போலீஸ் ஆபீசர தள்ளிட்டா! அவள புடி! என்னைத் தூக்கு!"

தம்பிராஜா குழம்பினார். காக்கிச் சட்டை பொய் சொல்லுமா? கொக்கிக் கழியை நீட்டினார். அவன் பற்றிக்கொண்டான். பூங்காவனம் வேண்டாம் என்று கத்தினாள். அவன் அலறலில் அது அமுங்கிப்போனது. அவன் பாதி சுவர் ஏறிவிட்டான்...

அப்போது அவள் கணுக்காலை எதுவோ இறுக்கிப் பிடித்தது.

குனிந்தாள்.

பிணத்தின் கை!

"விட்ரு..." பிணம் முனகியது. பிறகு தலையைத் தூக்கி, மேலே பார்த்து, உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அதட்டியது. "கழிய விடுய்யா! நான்தான் இன்ஸ்பெக்டர் நல்லையா. அவன் ரெட்டைக் கொலைக் கேசு!"

பதினைந்து வருட சர்வீஸ் அந்த அதட்டலில் இருந்தது. தம்பிராஜா கழியை விட்டார்.

தொப்!

வெடிச் சத்தம் கேட்டுப் பாலத்திலிருந்து மாத்தா மாத்தாக்கள் ஓடி வந்தார்கள். விலங்கு மாட்டித்தான் அவனை மேலே இழுத்தார்கள்.

முன்கதவு திறந்தது. ஆற்று வெளிச்சம் படகுக்குள் பாய்ந்தது. பூங்காவனம் சாக்கை மடித்து இன்ஸ்பெக்டரின் தலைக்கடியில் வைத்தாள்.

"ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்மா?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

"ரெண்டு பாலம் சார்." கோலை ஊன்றினாள். "இந்தத் தடவ மூச்சு விடுறது தெரியுற மாதிரி படுத்துக்குங்க."