பதினேழாம் கிணற்றில் ஒரு மணி நேரம்

முதலில் திராட்சைத் தோட்டம், பிறகு விலங்குகள், கடைசியில் செம்மண் பாலை. தெற்கு வழிக்கு நான் போடும் பயணத் திட்டம் எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கும். பரோசா பள்ளத்தாக்கில் ஒரு நாள். அங்கே இயந்திரங்கள் பிழிந்து வைத்த ஒயினை ஒரு கோப்பை குடிக்கலாம். அடுத்த இரண்டு நாள் கங்காரு, ஈமு. அப்புறம் மூன்று நாள் மனித வாடையே இல்லாத செம்மண். கோலா பார்க்க முடியுமா என்று எல்லாரும் கேட்பார்கள். நாளெல்லாம் மரத்தில் தூங்குகிற பிராணிக்காக ஆயுளில் ஒரு நாளைச் செலவு பண்ணணுமா என்று திருப்பிக் கேட்பேன். என் வாய் அப்படி.

ஆயுளில் ஒரு நாள் என்றது பேச்சுக்கு அல்ல. ஊர்களைச் சுற்றி வளையங்கள் எழுப்பி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வளையத்துக்கு வெளியே உள்ள நிலமெல்லாம் விலங்குகளுக்கு. ஒரு மனிதருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு ஆயுள் பயணம், அதுவும் தனியாக. ஒரு வழியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்கலாம்; புருஷன் பெண்டாட்டி ஆனாலும் தனித்தனி. வழியில் எந்தத் தொடர்புக் கருவியும் வேலை செய்யாது. வாயிலைத் தாண்டி வெளியே கால் வைத்தால் பயணம் தொடங்கியது, மறுபடி உள்ளே கால் வைத்தால் முடிந்தது.

திரும்பி வருகிறவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்பேன். "நல்லா இருந்துச்சு" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நன்றி கெட்ட ஜனம் என்று நினைத்துக்கொள்வேன்.

வடிவு வித்தியாசமான வாடிக்கையாளர். ஐம்பது வயது, எங்கள் அடிலெய்டு வளையத்தில் பல் மருத்துவர். அவளுக்குத் தோட்டமும் வேண்டாம், கங்காருவும் வேண்டாம். டார்வின் வளையத்தில் இருக்கும் தம்பி உலகநாதனை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும்.

"தினமும் திரையில பேசுறான் சார். ஆனா ரெண்டு வருஷத்துக்கு முன்ன நெஞ்சுல ஆபரேஷன் பண்ணான். அதுக்குப் பிறகு பேசுறது அவன்தானான்னு எனக்குத் தெரியல" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. நிழல்முகம் என்ற திரை உருவம் வந்த பிறகு எல்லாருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. சொந்தக்காரர்கள் மனம் நோகக்கூடாது என்று உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆள் போன பிறகும் அதே முகம், அதே குரல், அதே ஞாபகங்களோடு திரையில் பேசிக்கொண்டே இருக்கும். செத்துவிட்டார் என்று தெரிவிக்கச் சட்டம் இல்லை. தம்பிக்கும் அக்காமேல் அதே சந்தேகம் உண்டு என்று வடிவு சொன்னாள்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. தெற்கு வழியும் வடக்கு வழியும் பதினேழாம் எண் ஆழ்துளைக் கிணற்றருகே ஒட்டிப் போகின்றன. இரண்டு கம்பி வேலிகள், நடுவில் விலங்குகள் போக முப்பது அடி. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் ஒரு மணி நேரம் நிற்கலாம். இரண்டு பேருக்கும் தேதி பொருந்தி வர நாலு வருஷம் பிடித்தது.

புறப்படும் நாள் காலையில் வழியனுப்ப நானும் வாயிலுக்குப் போனேன். உலகநாதன் உயிரோடு இருந்தால், ஒன்பது நாள் முன்பே வடக்கு வழியில் கிளம்பியிருப்பான்; இனி அவனுக்குச் சேதி சொல்ல முடியாது. வடிவு வாயிலைத் தாண்டித் தானோட்டி வண்டியில் ஏறும்போது, கதவின் மேல்சட்டத்தில் தலை நங்கென்று இடித்தது.

"போகும்போதே இடிச்சிட்டு. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துருதேன்" என்று அவள் திரும்பி நடந்தாள். நம் வீடுகளில் யாரும் செய்வதுதானே. எனக்கும் உறைக்கவில்லை. நானே பாட்டிலைத் திறந்து நீட்டினேன். அவள் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு மடக்கு குடித்தாள். வாயிற்கதவின் திரையில் எழுத்து மாறியது: பயணம் நிறைவடைந்தது, நன்றி.

அதிகாரியிடம் மன்றாடினேன், கத்தினேன், காலில் விழாத குறை. விதி விதிதான் என்றார். இருபது வருஷமாக இதே தொழில் செய்கிறவன், பாட்டிலை நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். வடிவு அழவில்லை. "அவன் அங்க வந்து நிப்பான் சார்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

காலியான வழியில் வேறு ஒருவரை அனுப்பத் திட்டக்காரனுக்கு உரிமை உண்டு. ஆனால் ஆயுள் பயணத்தை இன்னும் எடுக்காத ஆளாக இருக்க வேண்டும். நான் எடுத்திருக்கவில்லை. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. என்றைக்காவது ஒருவர் வருவார், அவருக்காக ஏதோ ஒரு வேலி ஓரம் போய் நிற்கலாம் என்று வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் எதிர்ப்பக்கம் நிற்க எனக்கு ஆள் கிடையாது. அன்று மதியமே கிளம்பினேன்.

பரோசாவில் ஒயின் புளித்தது. புளிக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. மூன்றாம் நாள் ஒரு ஆண் ஈமு எட்டுக் குஞ்சுகளை வரிசையாக நடத்திக்கொண்டு வண்டிக்கு முன்னால் சாலையைக் கடந்தது. பாரு பாரு என்று வாயெடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக என் வாடிக்கையாளர்கள் ஏன் "நல்லா இருந்துச்சு" என்பதோடு நிறுத்தினார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. செம்மண் வந்த பிறகு தனிமை தாங்கவில்லை. வண்டியிடமே பேசினேன்.

ஆறாம் நாள் மாலை நாலு மணிக்குக் கிணற்றை அடைந்தேன். எதிர் வேலியில் உலகநாதன் நின்றிருந்தான். சலவை வெள்ளைச் சட்டை, மழித்த முகம், வடிவின் அதே மூக்கு. ஆள் உயிரோடு இருக்கிறான். சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். வண்டியிலிருந்து இன்னும் யாராவது இறங்குகிறார்களா என்று அவன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். யாரும் இறங்கவில்லை.

"அக்கா எப்ப போனா?" என்று கேட்டான்.

சாகவில்லை என்று கத்தினேன். யார் நான், தலை இடித்தது, தண்ணீர் குடித்தது, அதோடு பயணம் முடிந்துபோனது, எல்லாவற்றையும் சொன்னேன். சின்ன வயதில் அவனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்தது என்று அவள் சொல்லியனுப்பிய இரண்டு விஷயங்களையும் சொன்னேன்.

"இதையெல்லாம் திரையில நிழல்முகமும் சொல்லும் அண்ணாச்சி. அக்காவுக்குத் தெரிஞ்சது எல்லாம் அதுக்கும் தெரியும். உசுரோட இருந்தா, அவ வந்திருப்பா."

பெற்ற தாய்மேல் சத்தியம் செய்தேன். அவன் கை கூப்பினான். இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி என்றான். பிறகு தன் பக்கக் குழாயைத் திறந்து, அந்த வெள்ளைச் சட்டையோடே கீழே உட்கார்ந்து தலையை நனைத்துக்கொண்டான். சாவு சேதி கேட்டால் குளிக்கிற குளியல் அது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்றேன். ஒரு மணி நேரம் முடிவதற்கு வெகு முன்பே அவன் வண்டி வடக்கே போய்விட்டது.

திரும்பி வந்தபோது வாயில் பெஞ்சில் வடிவு காத்திருந்தாள்.

"இருக்கானா சார்?"

"இருக்கார். வெள்ளைச் சட்டை போட்டுட்டு நின்னார்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். என்னைக் கேட்டானா என்றாள். முதல் வார்த்தையே உங்களைப் பற்றித்தான் என்றேன். அதற்கு மேல் என் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. உலகத்தில் எல்லாரிடமும் வெடுக்கென்று பேசுகிற வாய்.

ஒரு மாதம் கழித்து அலுவலகத்துக்கு வந்தாள். முகம் தெளிந்து, ஐந்து வயது குறைந்தவள் போல இருந்தாள். அக்கா செத்துவிட்டாள் என்றே நம்பிப் போன தம்பி இப்போது எப்படிப் பேசுகிறாரோ என்ற பயத்தோடு, பேசுகிறாரா என்று கேட்டேன்.

"தினமும் பேசுறான் சார். முன்னயெல்லாம் ரெண்டு வார்த்தை பேசினா மூணாவது சண்டைதான். இப்ப ஒரு சண்டை இல்ல. நான் என்ன சொன்னாலும், சரிக்கா, சரிக்காங்கான்" என்று வடிவு சிரித்தாள்.