கடல் தானே எழுந்த வாரம்

மெற்றில்டா மூன்றாம் உந்துகோபுரத்தின் ஏணியில் ஏறியபோது காலை ஆறேகால். ஏழு மணிக்கு அவளுடைய ஊரான அந்தோணியார்துறையின் முறை தொடங்க வேண்டும். அதற்குள் பேட்டரிகளைச் சரிபார்த்து, குழாய்வாயில் சிக்கிய பாசியை எடுத்துவிட்டு, கடலின் மேற்பரப்பு வெப்பத்தைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். முறை முடியும்வரை கோபுரத்திலேயே தங்கி, பதினோரு ஆண்டுகளாகச் செய்யும் வேலை. அவள் கைகள் அதைத் தாமாகவே செய்தன.

கோபுரம் கரையிலிருந்து பதினெட்டு கடல்மைல் தள்ளி, கடலடித்தளம் சரிந்து ஆழத்துக்குள் இறங்கும் விளிம்பில் நின்றது. அதன் குழாய் நூற்றெண்பது மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரை இழுத்து மேலே கொட்டும். ஆழத்து நீரில் இருக்கும் சத்து வெயிலைக் காண, நுண்பாசி பெருகி மூன்றாம் நாள் கடல் பச்சையாகும். ஐந்தாம் நாள் அந்தப் பச்சையைத் தின்ன சாளையும் நெத்திலியும் வரும். ஆறாம் நாள் மாலை மோட்டார் நிற்கும், மறுநாள் காலை அடுத்த ஊரின் கோபுரம் ஓடத் தொடங்கும். குமரிக் கரையில் ஏழு ஊர்கள், ஏழு கோபுரங்கள். கரையிலிருந்த சூரியப் பண்ணையின் மின்சாரம் ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் போதும். வாய்க்கால் நீரை வயலுக்கு முறைவைத்து விடுவதுபோல, இந்த 2083இல் கடலையும் முறைவைத்துத்தான் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த வேலையைக் காற்றே செய்துகொண்டிருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகும், அந்த இடத்தை நிரப்ப ஆழத்து நீர் மேலே வரும். பிறகு கடல் சூடேறியது. வெந்நீர் ஒரு கனத்த மூடியைப்போல மேலே படிந்துகொண்டது. காற்றும் இளைத்துப்போனது. மீனைத் தேடி வெகுதொலைவு போன படகுகள் எரிபொருள் தீர்ந்து மிதந்தன. அப்படிக் கழிந்த இரண்டு ஆண்டுகளில் ஏழு ஊர்களிலும் சேர்த்து நூற்றுப்பதின்மூன்று பேர் திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் கடல்முறை வாரியம் கோபுரங்களைக் கட்டியது. ஒவ்வொரு கோபுரத்தையும் சுற்றி மூன்று மைலுக்கு ஒரு முறைவட்டமும், கரையிலிருந்து அதற்குப் போக ஒரு வழியும் வரைந்தது. அவற்றைத் தாண்டினால் படகின் மோட்டார் அடங்கிவிடும். அதன்பின் ஒருவரும் காணாமல் போகவில்லை.

பதிவேட்டில் ஏற்றப் போன மெற்றில்டா திரையைப் பார்த்து நின்றாள். மேற்பரப்பு வெப்பம் இருபத்தைந்து டிகிரிக்கும் கீழே இருந்தது. முந்திய வாரம் அது முப்பத்தொன்று. இந்தக் கோபுரம் ஓடி முப்பத்தாறு நாளாகியிருந்தது.

உணரி பழுதென்று நினைத்து மாற்று உணரியை இறக்கினாள். அதே எண். கயிற்றில் வாளியை இறக்கி நீர் மொண்டு, கையை முழங்கைவரை உள்ளே விட்டாள். சில்லென்று கடித்தது. கையை எடுக்க மனம் வரவில்லை. பிறகு விளிம்பு நெடுக மிதந்த மிதவைகளை ஒவ்வொன்றாகத் திரையில் அழைத்தாள். மேற்கே பதினைந்து மைல்வரை குளிர்நீர் ஒரு நாக்கைப்போல நீண்டு கிடந்தது. ஒன்பது நாளாக விடாமல் தென்மேற்கிலிருந்து அடித்த காற்றை நினைத்தாள்; பழையபடி காற்றே ஆழத்து நீரை மேலே கொண்டுவந்திருக்குமோ?

வாரியத்தின் தலைமைப் பொறியாளர் பூங்கோதையை ரேடியோவில் அழைத்து, கடல் தானாக எழுகிறது, படகுகள் போக வட்டத்தைத் திறக்க வேண்டும் என்றாள். பூங்கோதை நிதானமானவர். குழாயின் அடைப்பிதழ் கசிந்தாலும் கோபுரத்தடியில் இப்படிக் காட்டலாம், மிதவைகளோ பழையவை, அவற்றை நம்பி ஏழு ஊர்களின் வட்டத்தைத் திறக்க முடியாது என்றார். மெற்றில்டா விடவில்லை. அப்படியானால் எதை நம்புவீர்கள் என்று கேட்டாள்.

பூங்கோதை ஒரு நிபந்தனை வைத்தார். "நாலாம் நாள் காலை வரைக்கும் எந்தக் குழாயும் ஓடக் கூடாது. அப்பவும் கடல் குளிர்ந்தே இருந்து, பச்சையும் பிடிச்சா, வட்டத்தை நானே திறக்கிறேன். ஆனா இன்னைக்கு உங்க ஊர் முறை. அதை விட்டா அடுத்தது நாற்பத்திரண்டு நாள் கழிச்சுத்தான். ஊர் சம்மதிக்கணும்."

ஊர் கோயில் முற்றத்தில் கூடியது. மெற்றில்டா கோபுரத்திலிருந்து ஒலிபெருக்கி வழியாகப் பேசினாள். கைக்கு வந்த மீனை விட்டுவிட்டு வராத மீனுக்குக் காத்திருக்கச் சொல்கிறாளே என்று சிலர் கோபப்பட்டார்கள். நாற்பத்தாறு படகுகளுக்கும் தலைவரான ததேயு தன் படகை எடுத்துக்கொண்டு கோபுரத்துக்கே வந்தார். ஐம்பது வயது, பெரிய தோள்கள். படகின் ஓரத்தில் குனிந்து கையை நீருக்குள் விட்டவர் நெடுநேரம் அப்படியே இருந்தார்.

"கசிவுன்னா கோபுரத்துக்கடியில மட்டுந்தானே இருக்கணும்?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணே."

"நான் வாற வழியில ரெண்டு மைலுக்கு முந்தியே கை போட்டுப் பாத்தேன், கேட்டியா. அங்கயும் தணுப்புதான்." எழுந்து கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "நான் போய்ச் சொல்லுதேன்."

வீட்டுக்கு ஒரு கை என்று எண்ணினார்கள். இருநூற்றுப்பன்னிரண்டு வீடுகளில் நூற்றுப்பத்தொன்பது சம்மதித்தன. மெற்றில்டாவின் வீட்டுக் கை உயரவில்லை. அவள் கணவன் ரொசாரியோ ததேயுவின் படகில் வலை இழுப்பவன். அன்று மாலையே அவளை அழைத்து அவனே சொன்னான்.

"நீ சொல்லுயது உள்ளதாத்தான் இருக்கும், மெற்றில்டா. ஆனா நாப்பத்திரெண்டு நாளுன்னு நெனச்சப்ப கை மேல எழும்பல."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் இருந்திருந்தால் தன் கையும் எழுந்திருக்குமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

முதல் நாள் வெப்பம் இன்னும் அரை டிகிரி இறங்கியது. ஊரில் இனிப்பு வாங்கிக் கொடுத்ததாகச் செய்தி வந்தது. இரண்டாம் நாள் காலையில் காற்று நின்றுவிட்டது. கோபுரத்தின் கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. பத்து மணிக்கு இருபத்தாறு, நண்பகலில் இருபத்தேழு, மூன்று மணிக்கு இருபத்தெட்டு. ஊரிலிருந்து ஒருவரும் அவளை அழைக்கவில்லை. திட்டியிருந்தாலும் தேவலை என்றிருந்தது. இப்போதும் மோட்டாரை ஓட்டலாம், முறையில் ஐந்து நாள் மிச்சம் இருக்கிறது என்று பூங்கோதை மெல்ல நினைவூட்டினார். மெற்றில்டா எழுந்து பொத்தானின் அருகே போய் நின்றாள். நூற்றுப்பத்தொன்பது கைகள் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். தான் சொன்ன ஒரு சொல்லை நம்பி ஓர் ஊர் முழுக்க வெறும் கையோடு உட்கார்ந்திருந்தது.

ஐந்து மணிக்குக் கொடி ஒரு முறை துடித்தது. பிறகு விரிந்தது. அரை மணி நேரத்தில் கோபுரத்தின் கம்பிகள் எல்லாம் விசிலடித்தன. மெற்றில்டா வெளித்தளத்துக்கு ஓடிப்போய், முகத்தில் உப்புத்தூவல் அடிக்க, காற்றைப் பார்த்துக் கத்தினாள். என்ன கத்தினாள் என்று பின்னால் கேட்டவர்களிடம் அவளால் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் கடல் நிறம் மாறியது. குழாய் கொட்டும்போது கோபுரத்தைச் சுற்றி ஒரு பச்சை வட்டம் விழுவதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். இதற்கு ஓரமே இல்லை. மேற்கே கண்ணுக்கு எட்டியவரை பச்சை. வாசனைகூட மாறியிருந்தது, வெட்டிய வெள்ளரிக்காயைப்போல. நான்காம் நாள் காலையில் பறவைகள் வந்தன. முதலில் பத்திருபது, பிறகு எண்ண முடியாத அளவுக்கு. எல்லாம் ஒரே இடத்தில் மேலிருந்து அம்புபோல விழுந்து விழுந்து எழுந்தன. அந்த இடம் வட்டத்துக்கு வெளியே நான்கு மைல் தள்ளி இருந்தது.

ஒன்பது மணிக்குப் பூங்கோதை அழைத்தார். "ஏழு வட்டத்தையும் எடுத்துட்டேன். போகச் சொல்லுங்க."

ஏழும் என்று கேட்டதும் ஊரில் சிலருக்குச் சுருக்கென்றது. முறையை விட்டுக்கொடுத்தது நாம், மீன் எல்லாருக்குமா என்று கேட்டார்கள். கடல் எல்லாருக்கும்தானே எழுந்திருக்கிறது என்று ததேயு சொல்லிவிட்டு மோட்டாரை முடுக்கினார். வட்டத்தின் கோட்டுக்கு அருகே வந்ததும் நாற்பத்தாறு படகுகளும் வேகம் குறைந்ததை மெற்றில்டா திரையில் கண்டாள். யாரும் குறைக்கச் சொல்லவில்லை. அந்தப் படகுகளில் பாதிப் பேர் கோட்டுக்கு அப்பால் ஒருபோதும் போனதில்லை. முதலில் ததேயுவின் புள்ளி கோட்டைத் தொட்டது, தாண்டியது. மோட்டார் நிற்கவில்லை. ரேடியோவில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். புள்ளிகள் ஒவ்வொன்றாகத் திரையின் மேற்கு விளிம்பைக் கடந்தன. பத்தரை மணிக்குத் திரையில் ஒன்றும் இல்லை.

அவளுடைய கோபுரத்தின் திரை வட்டத்தை ஒட்டிய சிறு கடலை மட்டுமே காட்டும். அதற்கு மேல் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. படகுகளில் இருந்த கைரேடியோவும் அவ்வளவு தொலைவு எட்டாது. பதினோரு மணிக்குத் ததேயுவின் மனைவி எலிசா கரையிலிருந்து அழைத்தாள். அவர்கள் எங்கே என்று வழக்கம்போலக் கேட்டாள்.

"தெரியாது அக்கா," என்றாள் மெற்றில்டா. இந்தப் பதிலை அவள் யாருக்கும் சொன்னதே இல்லை.

எலிசா, தான் கரை மணலுக்குப் போய் நின்று பார்ப்பதாகச் சொன்னாள். பிற்பகலுக்குள் ஊரில் பாதிப் பேர் மணலில்தான் நின்றார்கள் என்று மெற்றில்டா பிறகு தெரிந்துகொண்டாள். அவளும் திரையறையை விட்டு வெளித்தளத்துக்கு வந்தாள். வெறுங்கண்ணால் மேற்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரொசாரியோவுக்கு நீந்தத் தெரியும். ஆனால் எவ்வளவு தூரம் நீந்துவான் என்று அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

நான்கரை மணிக்கு வெயிலின் மினுக்கத்துக்குள் ஒரு கறுப்புப் பொட்டு தெரிந்தது. பிறகு இரண்டு, பிறகு ஒரு கொத்து. நீர்மட்டம் விளிம்பைத் தொடும் அளவுக்குப் படகுகள் தாழ்ந்து வந்தன. அவற்றுக்கு நடுவே அவளுக்குத் தெரியாத நிறத்தில் படகுகளும் இருந்தன. பக்கத்து ஊரான கொச்சேரித்துறைக்காரர்கள் அவை. முதல் படகில் முழங்கால்வரை சாளைக்குள் நின்றுகொண்டு ஒருவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டினான். ரொசாரியோ. இந்த முறை இரண்டு கைகளும் உயர்ந்திருந்தன.

ரேடியோ கரகரத்தது. மீன்கூட்டம் வலைக்குள் வந்து, வலையையே இழுத்துக்கொண்டு போகப் பார்த்ததாகவும், கொச்சேரித்துறைப் படகு ஒன்று மறுமுனையைப் பிடித்திராவிட்டால் வலை போயிருக்கும் என்றும் ததேயு மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். பிறகு பழக்கம் மாறாமல் கேட்டார்.

"நாளைக்கு எங்க போவணும், மெற்றில்டா?"

அவள் திரையறையைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாது அண்ணே. கடலுக்குள்ள நிக்கிறது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

முதலில் கொச்சேரித்துறைக் குரல் ஒன்று, நீவாடு மேற்கே இழுக்கிறது, நீரோட்டத்தோடு மீனும் மேற்கேதான் போகும் என்றது. இல்லை, பறவைகள் தெற்கே திரும்பியதை நான் பார்த்தேன் என்றது இன்னொரு குரல். மூன்றாவது குரல் இருவரையும் மறுத்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. அவற்றில் தன் கணவனின் குரலும் இருந்ததை, அவன் எல்லோரையும்விட உரக்கத் தெற்கே என்று அடித்துச் சொன்னதை, மெற்றில்டா சிரித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள்.