மூன்றாவது இலை

கதவைச் சாத்திவிட்டு வந்த சற்று நேரத்தில், உள்ளே யாரோ சொம்பைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

சுமலதா மகளைப் பார்த்தாள். காயத்ரி வாசற்படியில் நின்று கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். பூனையாக இருக்கும் என்று சுமலதா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பூனை சொம்பைத் தள்ளிவிடும். தூக்கிக் குடித்துவிட்டு, இருந்த இடத்திலேயே மெதுவாகத் திருப்பி வைக்காது.

பொங்கலன்று மத்தியானம் படையல் போடுவது எளாவூரில் அவர்கள் வீட்டு வழக்கம். போய்ச் சேர்ந்த பெரியவர்களுக்கு ஆளுக்கொரு இலை போட்டு, புதுத்துணி வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். சாப்பிட வருகிறவர்களை நின்று பார்ப்பது மரியாதை இல்லை. பத்து நிமிஷம் கழித்து மூன்று முறை கைதட்டிவிட்டு உள்ளே போகலாம். மாமனார் பச்சையப்பனுக்கு ஒரு இலை. போன ஆடியில் செத்துப்போன மாமியார் செல்லியம்மாளுக்கு ஒரு இலை. இந்த வருஷம் சுமலதா மூன்றாவதாக ஒன்று போட்டிருந்தாள், புருஷன் தணிகைவேலுக்கு.

அவனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பாங்காக்கில் இருந்தான். கம்பி, சிமெண்ட் கடை வைத்திருக்கிறவன். விற்பனை டார்கெட்டை முடித்ததற்காகக் கம்பிக் கம்பெனி இனாமாகக் கொடுத்த டூர். ஒருத்தருக்குத்தான் டிக்கெட். பொங்கலுக்குத்தான் ஃபாக்டரிகளுக்கு லீவு, அதனால் டூரும் பொங்கலுக்குத்தான். பாங்காக் என்றதும் ஊரே கண்ணடித்துச் சிரித்தது. சுமலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பொங்கலுக்குக்கூட வெளியே தங்காத மனுஷன். கோபம் பாதி, ஏக்கம் பாதியாக, அவனுக்கு எடுத்த நீலச் சட்டையின் காலரில் மஞ்சள் தடவி, அவன் அம்மாவின் இலைக்குப் பக்கத்திலேயே இலை போட்டு, பேர் சொல்லிச் சோறு வைத்தாள். உயிரோடு இருக்கிறவனுக்குப் படையலில் இலை போடக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அப்படிச் செய்ய ஒருத்தி இருப்பாள் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

செல்லியம்மாளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வீட்டில் ஒரு ஆள் குறைந்தாலும் சோற்றில் கை வைக்கமாட்டாள். எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து, கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டுக் குட்டையாகிப்போன ஆள்காட்டி விரலால் தரையைத் தட்டி, "வா, குந்து" என்பாள். நாற்பது வயது மகனுக்கும் உருண்டை பிடித்து வாயில் வைப்பாள். போதும் என்றால் கிழவிக்குக் காது கேட்காது.

வெயில் சுள்ளென்று அடித்தது. சிப்காட் ஃபாக்டரிகள் பக்கமிருந்து வருஷம் முழுக்க வீசுகிற எரிந்த இரும்பு வாசனை இன்றைக்கு இல்லாததால், அந்த இடத்தில் கற்பூரமும் சூடான இலையும், அடியில் லேசாக, மாமியார் கடைசி மாதங்களில் தேய்த்துக்கொண்ட தைலத்தின் வாசனையும் கதவிடுக்கு வழியாகக் கசிந்துகொண்டிருந்தன. அந்தத் தைல பாட்டிலைச் சுமலதாவேதான் குப்பையில் போட்டிருந்தாள். கொல்கத்தா ரோட்டில் செக்போஸ்ட்டுக்கு நின்று நின்று நகரும் லாரிகளின் உறுமல் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. காக்காய்க்கு வைத்த சோறு மதில்மேல் அப்படியே காய்ந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. வீடியோ கால். சுமலதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இன்னாங்க, துன்னீங்களா?"

"இல்ல சுமா." தணிகைவேல் ஹோட்டல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். கம்பெனி கொடுத்த வெள்ளை டீஷர்ட். பின்னால் கண்ணாடி ஜன்னல், அதற்கு அப்பால் உயரம் உயரமான கட்டடங்கள். "எல்லாரும் மால் சுத்தப் போய்க்கிறாங்க. என்னால எய்ந்திருக்க முடியல. வயிறு கல்லாட்டம் கீது."

"அங்க இன்னாத்த எல்லாம் துன்னீங்களோ!"

"சத்தியமா காலீல டீ மட்டுந்தான்." அவன் நாக்கால் உதட்டைத் தடவினான். "ஆனா வாயெல்லாம் மொச்சக்கொட்ட கொயம்பு. இன்னிக்கு நம்மூட்ல மொச்சக்கொட்டயா?"

சுமலதா சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் விழுங்கினான். வாயில் எதுவும் இல்லை. ஆனால் தொண்டை பெரிதாகப் புடைத்து இறங்கியது. மறுபடியும் விழுங்கினான். மறுபடியும். கண்ணில் நீர் கட்டியது.

"போதும்மா," என்றான்.

அவளிடம் சொல்லவில்லை. பக்கவாட்டில் திரும்பிச் சொன்னான்.

"ஏங்க? யாரு கூட பேசுறீங்க?"

திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. ஒல்லியான கை. ரப்பர் வளையல். நுனி விரல்களில் சோற்று உருண்டை. குழம்பு மணிக்கட்டுவரை வழிந்திருந்தது. ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

"எய்ந்து ஓடுங்க! வெளிய ஓடுங்க!"

அவன் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டான். குட்டை விரல் அவன் கீழுதட்டைப் பொறுமையாக இழுத்துத் திறந்தது. பிறகு போன் சாய்ந்துவிட்டது. வெறும் வெள்ளைக் கூரை. மெல்லும் சத்தம்.

இலையை எடுக்க வேண்டும். அவள் புத்தியில் அது ஒன்றுதான் நின்றது. தான் போட்ட இலை. தான் வைத்த சோறு. அதை எடுத்து வெளியே எறிந்துவிட்டால் அவன் பிழைத்துக்கொள்வான். கைதட்டவில்லை. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள்.

திறக்கவில்லை.

வெறுமனே சாத்திவிட்டு வந்த கதவு. உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. உள்ளேயும் அதே மெல்லும் சத்தம்.

"அத்த! உங்க காலப் பிடிக்கிறேன் அத்த! அவர உட்ருங்க. தெரியாம போட்டுட்டேன்!"

உள்ளே மெல்லும் சத்தம் நின்றது.

"சுமா." கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தணிகைவேலின் குரல். வாய் நிறையச் சோறு அடைத்த குரல். "சோறு போதல. எட்த்தா."

"ஐ! அப்பா வந்துட்டாரும்மா!" காயத்ரி கரும்போடு ஓடிவந்தாள்.

சுமலதா போனைப் பார்த்தாள். வீடியோ கால் இன்னும் துண்டிக்கப்படவில்லை. வெள்ளைக் கூரை. "ஏங்க," என்று கூப்பிட்டாள். அவள் குரல் அந்த ஹோட்டல் அறையில் தனியாகக் கேட்டது. அங்கே மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லை.

தாழ் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது.

தைல வாசனை முகத்தில் அடித்தது.

மூன்று பேர். சுவரோரம். வரிசையாக.

ஓரத்தில் மாமனார், தலை குனிந்தபடி. அவர் இலையில் குவித்த சோறு குலையவில்லை. அடுத்து மாமியார். அவள் இலையிலும் யாரும் கை வைக்கவில்லை. கிழவி இன்னும் காத்திருந்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் தணிகைவேல். நீலச் சட்டை. காலரில் மஞ்சள். இலை வழித்துக் காலியாகியிருந்தது. கன்னம் இரண்டும் தெறிக்கிறமாதிரி உப்பியிருந்தது. கண் மட்டும் உயிரோடு இருந்தது. அது சுமலதாவைப் பார்த்தது. அவன் தலையை அசைத்தான். வராதே. வராதே.

அவனுக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு இலை. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. அவள் போடாத இலைகள். தண்ணீர் தெளித்த ஈரம் காயவில்லை.

குட்டை விரல் தரையைத் தட்டியது.

டொக். டொக்.

"வா, குந்து."

சுமலதா மகளை இழுத்துப் பிடிக்கக் கையை வீசினாள். பாதி கடித்த கரும்புதான் கையில் சிக்கியது.

சின்ன இலைக்கு முன்னால் காயத்ரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வாயை ஆவென்று திறந்து.