கோழி தின்ற பிடி அரிசி

இளவரசி வீட்டில் உலை கொதித்தால் முதல் பிடி அரிசி பானைக்குள் போகாது. பக்கத்தில் இருக்கும் மூடி உடைந்த பிஸ்கட் டப்பாவுக்குள்தான் போகும்.

அதற்கென்று அம்மா எடுத்து வைக்கும் அரிசியிலிருந்து அந்த ஒரு பிடியை அள்ளிப் போடுவது இளவரசியின் வேலை. ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணின் கை எவ்வளவு பெரிதாக இருந்துவிடும்? அதனால் விரல்களை நன்றாக விரித்து, மணிக்கட்டு வரை அரிசிக்குள் விட்டு அள்ளுவாள்.

"போதும்டி! கையா அது, மண்வெட்டியா?" என்று அம்மா அமுதவல்லி சிரிப்பார்.

ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில், மலைச் சரிவில் இருக்கும் அவர்களுடைய கிறிஸ்தவ சபையில் எல்லா வீட்டிலும் இந்தப் பிடி அரிசி வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரும்போது அவரவர் டப்பாவைக் கொண்டுவந்து, கோயில் வாசலில் இருக்கும் நீல டிரம்மில் கொட்டுவார்கள். நிலம் வைத்திருப்பவர்கள் சாமை கொண்டுவருவார்கள். மலைக்குக் கீழே கலசப்பாக்கத்தில் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் வயல் அரிசி கொண்டுவருவார்கள். டீச்சர் வீட்டிலிருந்து பச்சரிசி வரும். சில வீடுகளிலிருந்து ரேஷன் அரிசி வரும். எல்லாம் சரசரவென்று ஒரே டிரம்மில் விழும் சத்தம் இளவரசிக்கு மிகவும் பிடிக்கும்.

மாதக் கடைசியில் அந்த அரிசியை எட்டுப் பைகளாகக் கட்டி, கஷ்டப்படும் எட்டு வீடுகளுக்குக் கொடுப்பார்கள். அந்த வீட்டுக்காரர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அடுப்பு எரிகிறதா என்று மட்டும்தான் கேட்பார்கள்.

எட்டில் ஒரு வீடு குப்பன் தாத்தாவுடையது. தேன் எடுக்க, புளி உலுக்க என்று மரம் மரமாக ஏறியவர் அவர். இரண்டு வருடங்களுக்கு முன்னால் புளியமரத்திலிருந்து விழுந்து கால் போய்விட்டது. தனி ஆள். மாதா மாதம் அவர் வீட்டுக்கு இளவரசியும் அம்மாவும்தான் பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அன்று முழுவதும் இளவரசி கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே நடப்பாள்.

அந்த நிமிர்ந்த நெஞ்சுக்கு ஒரு வியாழக்கிழமை அடி விழுந்தது.

அம்மாவின் கைபேசியில், சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்திருந்தது. அனுப்பியவர் சபைச் செயலாளர் தனசேகரன். ஜமுனாமரத்தூரில் செல்போன் கடை வைத்திருப்பவர். வீடியோவில் குப்பன் தாத்தா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, சட்டியிலிருந்து சோற்றை அள்ளி அள்ளிக் கோழிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கோழிகளும் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வெளுத்துக் கட்டின.

கீழே தனசேகரன் எழுதியிருந்தார்: 'நாம் கொடுக்கும் அரிசி போகும் இடம் இதுதான். ஞாயிறு கமிட்டிக் கூட்டத்தில் முடிவு எடுக்கப்படும்.'

"இன்னா முடிவும்மா?" என்றாள் இளவரசி.

அம்மா பெருமூச்சு விட்டார். "தாத்தா பேரை எடுத்துடுவாங்க போல. அவருக்குப் போற பையை வேற வூட்டுக்குக் குடுத்துடுவாங்க."

இளவரசிக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. வீடியோ எடுத்தவர் மேலா, கோழிக்குப் போட்டவர் மேலா? என் பிடி அரிசியையா கோழிக்குப் போட்டார்?

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் குப்பன் தாத்தா வீட்டுக்குப் போனாள்.

தாத்தா அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார். "வா கண்ணு, வா. இன்னா, மொகம் இஞ்சி தின்ன மாதிரி கீது?"

இளவரசி சுற்றி வளைக்கவில்லை. "தாத்தா, நாங்க குடுக்கற அரிசிய நீங்க கோழிக்குப் போடறீங்களா?"

தாத்தா ஊதுவதை நிறுத்தினார். "ஆமா கண்ணு," என்றார் மெதுவாக.

"உங்க கோழியா?"

"எனக்கேது கோழி? பக்கத்து வூட்டு செல்லியம்மாளோடது."

இளவரசிக்கு ஒன்றும் புரியவில்லை. தன் கோழியும் இல்லை, முட்டையும் கிடைக்காது. அப்புறம் எதற்கு?

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒன்று தோன்றியது. "தாத்தா, எனக்குக் கொஞ்சம் குடுங்க. பசிக்குது."

"இதுவா? வேணாம் கண்ணு, வேணாம்..." என்று தாத்தா பதறினார். அதற்குள் அவளே கரண்டியால் எடுத்து ஊதி, வாயில் போட்டுவிட்டாள்.

கடக்!

பாதி சோறு பசை மாதிரி பல்லில் ஒட்டியது. மீதிப் பாதி கல் மாதிரி கடித்தது. பச்சரிசியும் சாமையும் எப்போதோ குழைந்து களியாகிவிட்டன. பெரிய பெரிய அரிசி மட்டும் இன்னும் வேகவே இல்லை. அதை வேகவைத்தால் இது அடிப்பிடிக்கும். இதைப் பார்த்து இறக்கினால் அது வேகாது.

"எப்பவும் இப்படித்தானா தாத்தா?"

"உங்க பையி வர ஆரம்பிச்சதுல இருந்து இப்படித்தான். ரேஷன் அரிசி பாதி மாசம் வரும். அது ஒரே அரிசி, கொழைய வெந்துடும். மீதி மாசத்துக்கு இதான். கஞ்சிய வடிச்சி நான் குடிச்சிடுவேன். சோத்த மெல்ல முடியல கண்ணு. வீணாப் போறதுக்கு ஒரு சீவனாச்சும் தின்னட்டுமேன்னு..."

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சீ, சீ! தானமா குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சிப் பாப்பாங்களா? நீங்க எவ்ளோ ஆசையா தூக்கினு வர்றீங்க. மனசு நோவும்."

"மாட்டுப் பல்ல விடுங்க. உங்க பல்ல யாராச்சும் பார்த்தாங்களா?"

தாத்தா வாயைத் திறந்து காட்டினார். மொத்தம் இரண்டு பல். மேலே வலப் பக்கம் ஒன்று. கீழே இடப் பக்கம் ஒன்று.

"ரெண்டுத்துக்கும் பேச்சுவார்த்தையே கெடயாது," என்றார்.

இளவரசி சிரித்தாள். சிரித்த பிறகு சட்டியைப் பார்த்தாள். இரண்டு வருடமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவள் தூக்கி வந்தது இதைத்தான். தாத்தா வெறும் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தக் கஞ்சியும் இல்லை.

பையிலிருந்த அரிசியை முறத்தில் கொட்டி, வகை வகையாகப் பிரிக்க உட்கார்ந்தாள். குட்டை அரிசி ஒரு பக்கம், நீள அரிசி ஒரு பக்கம், சாமை ஒரு பக்கம். அரை மணி நேரத்தில் ஒரு பிடிகூடத் தேறவில்லை. அதையும் செல்லியம்மாளின் சிவப்புக் கோழி ஒரே தாவாகத் தாவி வந்து கலைத்துவிட்டது.

"கலந்தத பிரிக்க முடியாது தாத்தா," என்று முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். "கலக்காமதான் இருக்கணும்."

நேராகத் தனசேகரனின் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் ஒரு கைபேசியின் முதுகைக் கழற்றி வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமலே கேட்டார்.

"பசி ருசி அறியாதுன்னு கேட்டதில்லயா நீ? நெசமாவே பசிச்சா கோழிக்குப் போடத் தோணுமா? எங்கப்பா காலத்துல இருந்து ஒரே டிரம்முதான். எவனும் ஒரு கொற சொன்னதில்ல. நீ போய்ப் படிக்கற வேலையப் பாரு."

இளவரசி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நின்றாள். ஞாயிறு கூட்டத்துக்கு வரும் கமிட்டிக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு அமுதவல்லியின் பொறுப்பு.

"அம்மா, அவங்களுக்கு டிரம் அரிசியில சோறு ஆக்கலாமா?"

"அடிப்பாவி! மல்லிப்பூ மாதிரி ஆக்குவா அமுதவல்லின்னு ஊரே சொல்லுது. என் மானத்த வாங்கப் பாக்கறியா?"

"முதல் கரண்டி மட்டும்மா."

"முடியாது."

"நம்ம டப்பாவுக்கு எந்த அரிசிம்மா எடுத்து வைக்கறோம்?"

அம்மா டப்பாவைத் திரும்பிப் பார்த்தார். டப்பாவுக்கு அவர் எடுத்து வைப்பது இட்லி அரிசி. மூட்டை வாங்கியது மிச்சமாகக் கிடந்ததால் எடுத்து வைத்தார். வேகாமல் கல்லாக நிற்கும் பெரிய அரிசி எந்த வீட்டுடையது என்று இப்போது இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

"சரி, சரி," என்றார் அம்மா. "முதல் கரண்டி மட்டும். அடுத்த கரண்டி என் சோறு. எடுக்கற அரிசிக்கு ரெண்டு பங்கா திருப்பிப் போட்டுடணும்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தது. சபைக் கூடத்தில் போதகரும் ஐந்து கமிட்டிக்காரர்களும் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். தனசேகரன் சன்னல் ஓரம். போதகர் ஜெபித்து முடித்ததும் இளவரசி முதல் கரண்டியைப் பரிமாறினாள். அம்மா சாம்பார் ஊற்றினார்.

கடக்! கடக்!

யாரும் யாரையும் பார்க்கவில்லை. போதகர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். இரண்டாவது முறை ஜெபிக்கிறாரோ என்று நினைக்கலாம்.

"சாம்பார் ரொம்ப நல்லா இருக்குது," என்றார் ஒருவர்.

"பொரியலும்," என்றார் இன்னொருவர். சோற்றைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை.

"சோறு எப்படி இருக்குது மாமா?" என்று தனசேகரனிடம் கேட்டாள் இளவரசி.

தனசேகரன் கஷ்டப்பட்டு விழுங்கினார். "அமுதவல்லி கைச் சோறாச்சே! சொல்லணுமா இன்னா?"

இளவரசி அடுத்த கரண்டி சோற்றை எடுக்க உள்ளே போனாள். கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தாள். தனசேகரனின் கை மெதுவாகச் சன்னலுக்கு வெளியே போனது. விரல்கள் விரிந்தன. மறு நொடி, போதகர் வீட்டுக் கோழிகள் எட்டுத் திக்கிலிருந்தும் ஓடி வந்தன.

"கொக் கொக் கொக்!"

தனசேகரன் திரும்பினார். பின்னால் இளவரசி வந்து நின்றிருந்தாள்.

"நீ... வீடியோ கீடியோ எடுக்கலயே?" என்றார் ரகசியமாக.

"எங்கிட்ட போன் ஏது மாமா?"

ஆனால் கோழிகள் போட்ட கூச்சலில் எல்லோரும் சன்னலைப் பார்த்துவிட்டார்கள்.

"இன்னா தனசேகரன்," என்றார் போதகர், "சோறு நல்லா இல்லன்னா சொல்லக் கூடாதா?"

"அது இல்லீங்க ஐயா. ஆக்கிப் போட்டவங்க ஆசையா ஆக்கியிருக்காங்க. கொற சொன்னா மனசு நோவும்னுதான்..."

"குப்பன் தாத்தாவும் இதேதான் சொன்னாரு மாமா," என்றாள் இளவரசி. "இது அவரு வூட்டுக்குப் போற அரிசி. நம்ம டிரம்ல இருந்துதான் எடுத்தோம்."

வெளியே கோழிகள் கொத்துவது மட்டும் கேட்டது. தனசேகரன் தன் இலையில் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த சோற்றைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிப்போனது. இளவரசிக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

போதகர் கூட்டத் தாளைக் கையில் எடுத்தார். "இன்னைக்கு முதல் விஷயம், அரிசியக் கோழிக்குப் போட்டவங்க பேர எடுக்கறது. இங்க எத்தன பேரு இருக்கீங்க?"

தனசேகரன் கையைத் தூக்கினார். கடைசி இலையில் இருந்தவர் தயங்கித் தயங்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டை மூட்டையை எடுத்து வைத்தார். அதற்குள்ளும் சோறுதான்! முதலில் போதகர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அம்மா ஓடிப்போய்த் தன் மல்லிப்பூச் சோற்றைக் கொண்டுவந்தார்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் தனசேகரன் கைபேசியை எடுத்து வீடியோவை அழித்தார். "இப்ப இன்னா செய்யலாம், சொல்லு," என்று இளவரசியிடமே கேட்டார்.

அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீல டிரம் இருந்த இடத்தில் ஐந்து எண்ணெய் டின்கள் நின்றன. வாங்கி வந்து தேய்த்துக் கழுவியவர் தனசேகரன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியவேண்டும் என்று, ஒவ்வொரு டின்னிலும் அந்தந்த அரிசியைக் கொஞ்சம் பசை போட்டு ஒட்டியவள் இளவரசி. அவள் விரலிலும் நாலு சாமை ஒட்டிக்கொண்டிருந்தது. எட்டு வீட்டுக்கும் போய், யாருக்கு எந்த அரிசி வேண்டும் என்று முதல் தடவையாகக் கேட்டும் வந்துவிட்டார்கள். ஒரு வீட்டில் இட்லி அரிசிதான் வேண்டும் என்றார்கள். அம்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது.

மாதக் கடைசியில் பச்சரிசிப் பையைத் தோளில் தூக்கிக்கொண்டு தனசேகரனே இளவரசியோடு சரிவில் ஏறினார். வாசலில் நின்று, "தப்பு பண்ணிட்டேன் பெரியவரே," என்றார்.

"உள்ள வா சாமி, மூச்சு வாங்குது பாரு," என்றார் குப்பன் தாத்தா.

அன்றைக்குத் தாத்தா ஆக்கிய சோறு குழைந்து வெண்ணெய் மாதிரி இருந்தது. சட்டியை வழித்து வழித்துச் சாப்பிட்டார். வாசலில் செல்லியம்மாளின் கோழிகள் காத்திருந்து காத்திருந்து கழுத்து நீண்டுபோய் நின்றன.

வேலிக்கு அப்பாலிருந்து செல்லியம்மாள் குரல் கொடுத்தார். "யோவ் குப்பா! உங்க கோயில்காரங்க அரிசி குடுக்கறத நிறுத்திட்டாங்களா இன்னா? என் கோழியெல்லாம் எளச்சிப் போய்க் கீது!"

குப்பன் தாத்தா வழித்த சட்டியைத் தூக்கிக் காட்டினார். வாய் நிறையச் சோறு.