அளவுச் சட்டை

சட்டையின் கை இரண்டரை இன்ச் நீளமாக இருந்தது.

அரை இன்ச் என்றால் கவனக்குறைவு. ஒரு இன்ச் என்றால் கற்றுக்குட்டி. இரண்டரை இன்ச் என்றால் அது வேறு யாருக்கோ தைத்த சட்டை. பதினெட்டு வருஷமாகத் தையல் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"புதுசா தைக்கச் சொல்லி வாங்கிட்டு வந்தேன்" என்றான் கணவன். பயணத்தின் மூன்றாம் நாள் காலை அது. அவள் எழுந்திருப்பதற்கு முன்பே வெளியே போய், பழுப்புத் தாளில் சுற்றிய பொட்டலத்தோடு திரும்பியிருந்தான்.

"அளவே எடுக்காம எப்படிங்க தைச்சாங்க?"

"உன் அளவு எனக்குத் தெரியாதா?"

அவன் மருந்து கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. டாக்டருக்கே தலைவலி வரவழைத்து, தலைவலி மாத்திரையையும் விற்றுவிட்டு வருகிற வாய். அந்த வாயிடம் வாதாடி அவள் ஜெயித்ததே இல்லை. போதாக்குறைக்கு, கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவன் அவளுக்காகத் துணி எடுத்ததும் இதுதான் முதல் தடவை. உச்சி குளிர்ந்து போனாள். கையை மடித்துவிட்டுக்கொண்டு போட்டுக்கொண்டாள்.

ஒரு மாதம் கடையை மூடிவிட்டு வந்திருந்தாள். வாசலில் பலகை மாட்டியபோது வாடிக்கைக்காரப் பெண்கள் சும்மா விடவில்லை. அக்கா அதற்கும் மேலே. "ஏய் கத்திரி, ஹனிமூனை ரெண்டு வருஷம் கழிச்சுக் கொண்டாடுற ஜோடி நீங்கதான்டி" என்று போனில் கெக்கெக்கென்று சிரித்தாள். எட்டு வயதில் அம்மாவின் புடவையை வெட்டிப் பொம்மைக்குச் சட்டை தைத்த நாளிலிருந்து அவள் அக்காவுக்குக் கத்திரிதான். கணவனும் அப்படியே கூப்பிடப் பழகியிருந்தான்.

தெரியாத தேசம். பாஷை புரியாது. டிக்கெட் வாங்குவதிலிருந்து தண்ணீர் கேட்பது வரை போனில் பேசி, மொழிபெயர்த்து, நீட்டிக் காட்ட வேண்டும். இருவருக்கும் அதே கதிதான். "நானும் முதல் தடவைதானே வர்றேன்" என்பான் அவன். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகாத ஊர்கள் அவை. நேரமாகிவிட்டதென்று படுத்தால் ஜன்னல் திரைக்குப் பின்னால் பகல் அப்படியே நின்றுகொண்டிருக்கும். மரத்தரை விடுதிகள், நடந்தால் ஒவ்வொரு பலகையும் வெவ்வேறு குரலில் முனகும், எந்த ஊருக்குப் போனாலும் அறைக்குள் ஈரக் கம்பளியும் பாச்சை உருண்டையும் கலந்த அதே வாசனைதான். அது அறையின் வாசனை என்றுதான் முதலில் நினைத்தாள். அவன் கொண்டுவருகிற பொட்டலங்களின் வாசனை என்பது புரியப் பத்து நாளானது.

ஊருக்கு ஒரு பொட்டலம். இரண்டாவது ஊரில் ஒரு பச்சை கவுன். மூன்றாவதில் சாம்பல் நிறக் கோட். எல்லாமே நீளம், எல்லாமே தோளில் தொளதொள. "போட்டுப் போட்டுச் சரியாயிடும்" என்பான்.

சரியாகத்தான் ஆனது.

பத்தாம் நாள் பல் தேய்க்கும்போது பார்த்தாள். முதல் சட்டையின் கை மணிக்கட்டில் கிட்டத்தட்டக் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. துவைத்ததில் சுருங்கியிருக்கும் என்று விட்டுவிட்டாள். மறுநாள், ஊரிலிருந்து தைத்து எடுத்துவந்த தன் நீலச் சட்டையைப் போட்டாள். மணிக்கட்டுக்கு மேலே ஏறி நின்றது கை. எலும்பு முண்டு துருத்திக்கொண்டு தெரிந்தது.

கைப்பையிலிருந்த இன்ச் டேப்பை எடுத்து, ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தாள். இருபத்திரண்டே முக்கால். மறுபடி அளந்தாள். அதேதான். அவள் கை நீளம் இருபத்தொன்று. தோள் பதினாலு. பதினாறு வயதிலிருந்து மாறாத அளவு. உடம்பு இளைக்கும், ஊதும், அதெல்லாம் சகஜம். முப்பத்தாறு வயதில் யாருக்காவது எலும்பு வளருமா?

"டேப் நனைஞ்சு சுருங்கியிருக்கும்" என்றான் அவன்.

"இது துணி டேப் இல்லைங்க. பைபர். சுருங்காது."

அவன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், அடுப்பில் பால் பொங்கப்போகிறதா என்று பார்க்கிற மாதிரி. அந்தப் பார்வையில் ஆச்சரியம் துளிகூட இல்லை.

பதினாலாம் நாள் அவள் பெட்டி போய்விட்டது. பஸ்ஸின் அடியில் வைத்த பெட்டியை இறக்க மறந்துவிட்டதாகச் சொன்னான். தன் பெட்டியை மட்டும் மறக்கவில்லை, மகராசன். அவளுடைய துணி அத்தனையும் போயிற்று. அக்காவிடம் புலம்பலாமென்று கூப்பிட்டாள். மலைப்பக்கம் என்பதால் படம் வரவில்லை, குரல் மட்டும்தான்.

"ஏன்டி, ஜலதோஷமா? குரலே ஒரு மாதிரியா இருக்கே."

"குளிருக்கா, வேற ஒண்ணுமில்ல."

"உடம்பைப் பாத்துக்கோ. உன்னைப் பாக்காம கண்ணு பூத்துப் போச்சு."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதாள். வீட்டுக்குப் போக வேண்டும், அக்கா முன்னால் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவனிடம் கேட்டாள். "டிக்கெட் முப்பதாம் நாளுக்குத்தானே போட்டிருக்கு? கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றான், வெகு அன்பாக.

மாற்றுத்துணி இல்லை. பச்சை கவுனையாவது பிரித்துத் தன் அளவுக்குச் சின்னதாக்கலாம் என்று உட்கார்ந்தாள். பக்கத்தையலைப் பிரித்ததும் விரல் நின்றுவிட்டது. தையலுக்கு உட்புறம் வரிசையாகப் பழைய ஊசித்துளைகள். ஏற்கெனவே ஒரு முறை தைத்து, உடுத்தி, பிரித்து, மறுபடி தைத்த துணி. மடிப்புக்குள் ஒரு தலைமுடி. நீளமானது, நேரானது. அவளுக்குச் சுருட்டை முடி.

புதுசு என்று அவன் சொன்னது பச்சைப் பொய். டெய்லருடைய காதிலேயே பூச்சுற்றியிருக்கிறான்.

கவுனை அப்படியே மடித்து வைத்தாள். அன்றைக்குத்தான் இன்னொன்றும் உறைத்தது. அவன் அவளைக் கத்திரி என்று கூப்பிட்டுப் பல நாளாகிறது. "இங்க பாரு", "வா", "சாப்பிடு" என்பதோடு சரி. இருபத்திரண்டாம் நாள் ஒரு கல் தெருவில் முன்னால் நடந்துகொண்டிருந்தவன் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "நெட்டை! சீக்கிரம் வா" என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். செருப்போடு சேர்த்து அளந்தாலும் ஐந்தடி தாண்டாதவளைப் போய் நெட்டையா? கிட்டே போய் நின்றாள். எப்போதும் அண்ணாந்து பார்க்கிற முகம் நேர் எதிரே இருந்தது. கண்ணுக்கு நேராகக் கண்.

நெட்டை. அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே அவன் சொல்லியிருந்தான். ஒருத்தியோடு சில வருஷம் பழக்கம், சிநேகிதர்கள் அவளை நெட்டை என்பார்கள், அவள் ஏதோ வெளிதேசம் போனாள், திரும்பவே இல்லை. "பழசைக் கிளறி என்னங்க ஆகப்போகுது" என்று பெரிய மனசு பண்ணியவள் இவள்தான்.

இருபத்தாறாம் நாள் கடைசி ஊர். விடுதிக்காரம்மா வாசலுக்கே ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் போனை எடுக்கவே இல்லை. அந்தப் பாஷையை மடமடவென்று பேசினான், நிறுத்தாமல் பேசினான், நடுவில் ஏதோ சொல்லி அந்தம்மாவைச் சிரிக்கவும் வைத்தான். விடுதிக்காரம்மா இவள் பக்கம் திரும்பி, தோளின் அகலத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். துணிக்கடையில் சரக்கைப் பார்க்கிற தலையாட்டல்.

அறைக்குள் போனதும் கேட்டாள். "இங்க வந்ததே இல்லேன்னீங்களே?"

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். "அவ இங்கதான் இருந்தா. இதே ரூம்ல. இங்கயே போயிட்டா."

"செத்துட்டாளா?"

"போயிட்டா" என்றான். "இந்த ஒரு மாசம் சுத்தினோமே, எல்லாமே நாங்க சுத்தின ஊர். அங்கங்க அவ துணியைக் குடுத்து வச்சிருந்தேன்."

"அப்ப நான் யாருங்க? நான் உங்களுக்கு யாரு?"

"உன்னை எனக்குப் பிடிக்காம இல்ல. நீ நல்லவதான்." கொஞ்சம் யோசித்தான். "ஆனா அவ வேணும்."

அறைந்திருந்தால்கூட வலி ஆறியிருக்கும். இரண்டு வருஷம் அவனுக்குச் சோறு போட்டது, காய்ச்சலில் கால் பிடித்துவிட்டது, அவன் சட்டைப் பித்தானைப் பார்த்துப் பார்த்துத் தைத்தது எல்லாம் எதற்கு? ஒருத்தி திரும்பி வருவதற்கு உடம்பு தேவைப்பட்டது, அதற்காகத் தாலி கட்டியிருக்கிறான். பாவி. கழுத்தை அறுத்த பாவி.

அவன் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்தான். அரக்கு நிறத் துணி. உடல், கை, கழுத்துப்பட்டி என்று சுமாராக வெட்டிய துண்டுகள், தாராளமாக ஓரம் விட்டவை, தைக்காமல் கிடந்தன; கூடவே ஒரு கத்திரியும் சுண்ணக்கட்டியும். "அவ தைக்கக் குடுத்தது. முடியறதுக்குள்ள போயிட்டா. நீதான் டெய்லராச்சே, நீ தைச்சுடு."

"முடியாது."

"உன் அளவுக்கே தைச்சுக்கோ. நான் குறுக்க வரமாட்டேன்."

எழுந்து வெளியே போனான். கதவைச் சாத்திவிட்டும் போனான்.

அவள் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெல்ல மெல்ல ஒரு எண்ணம் வந்தது. உடம்பு துணிக்குத் தக்கபடி மாறுகிறதென்றால், துணியை என் அளவுக்கு வெட்டினால்? உடம்பு என்னிடமே திரும்பி வந்துதானே ஆக வேண்டும்? முட்டாள், யாரிடம் கத்திரியைக் கொடுத்தோம் என்று தெரியாமல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நெடுநாளைக்குப் பிறகு அவளுக்குத் தைரியம் வந்தது.

கடையில் வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பதே அளவுச் சட்டைதான். கச்சிதமாக இருக்கிற பழைய சட்டை ஒன்று இருந்தால் டேப்பே வேண்டாம், அதை மேலே வைத்து அப்படியே வெட்டிவிடுவாள். இங்கே அவளுடைய அளவுச் சட்டை அத்தனையும் பஸ்ஸோடு போய்விட்டது. டேப்பால் அளந்தால் இப்போதிருக்கிற உடம்பின் அளவுதான் கிடைக்கும். அது அவளுடையதல்ல. ஆனால் மனது இருக்கிறதே! தன் அளவை அவள் ஒருநாளும் எழுதி வைத்ததில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

விடுதிக்காரம்மா கைமெஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவள் சுண்ணக்கட்டியை எடுத்தாள். கண்ணை மூடி நினைவுபடுத்திக்கொண்டு, துணியில் கோடு போட்டாள். தோள் பதினைந்தரை. கை இருபத்திமூன்றரை. பதினாறு வயதிலிருந்து மாறாத அளவு. ஓரங்களை வெட்டித் தள்ளினாள். கை தானாக ஓடியது. மூன்று நாள் தைத்தாள். மூன்று நாளும் அவன் அறைப்பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் வெளிச்சம் போகவே இல்லை.

இருபத்தொன்பதாம் நாள் போட்டுப் பார்த்தாள். எங்கும் இழுக்கவில்லை. எங்கும் தொளதொளக்கவில்லை. மணிக்கட்டில் மயிரிழை தப்பாமல் நின்றது கை. அப்பாடா! என் அளவு. என் உடம்பு. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அக்காவைப் பார்க்க வேண்டும். இந்த ஊரில் சிக்னல் இருந்தது. வீடியோவில் கூப்பிட்டாள்.

அக்கா முகம் வந்தது. ஆசையாகச் சிரித்த முகம். சிரிப்பு நின்றது.

"யாருங்க நீங்க? இது என் தங்கச்சி போனாச்சே?"

"அக்கா, விளையாடாதே" என்றாள்.

சொன்னதாகத்தான் நினைத்தாள். வாயிலிருந்து வந்தது வேறு. இந்த ஊர்ப் பாஷை. வழுவழுவென்று, தடங்கலே இல்லாமல்.

"என்ன சொல்றீங்கன்னு புரியலைங்க. என் தங்கச்சிகிட்ட போனைக் குடுங்க. அவ எங்க?"

கை இருபத்தொன்று. இருபத்தொன்றா? இல்லை, இருபத்திமூன்றரை. யார் சொன்ன அளவு? யாருடைய பதினாறு வயது?

கதவு திறந்தது. விடுதிக்காரம்மா கண்ணீரோடு வாசற்படியில் நின்றாள். "வந்துட்டியா" என்றாள். அந்தப் பாஷையில்தான் சொன்னாள். புரிந்தது. ஒரு சொல் விடாமல் புரிந்தது.

அந்தம்மாவின் பின்னாலிருந்து கணவன் வந்தான். போனை வாங்கிக்கொண்டான். முகம் கோணிற்று, உதடு துடித்தது.

"அக்கா, அவளைக் காணோம்க்கா. நாலு நாளாத் தேடுறேன். மலைப்பக்கம் போனவ வரலக்கா..."

பொய்! அக்கா, நான் இங்கேதான் இருக்கிறேன், பக்கத்திலேயே நிற்கிறேன். கத்தினாள். கத்தியது முழுக்க அந்தப் பாஷையில் போனது. அவன் விம்மி விம்மி அழுதான். அவன் சொல்வதில் காணோம் என்பது இன்னும் புரிந்தது. மலை புரிந்தது. பிறகு வந்தவை சத்தமாகத் தேய்ந்தன. ஒவ்வொன்றாக. கடைசியில் ஒன்றுமே மிஞ்சவில்லை.

திரையில் யாரோ ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஏதோ ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கதறினாள். யாருக்கு என்ன கஷ்டமோ, பார்க்கவே பாவமாக இருந்தது. அவன் கன்னத்தில் கண்ணீர் வழிய அவளோடு பேசிக்கொண்டே, இன்னொரு கையால் பக்கத்தில் நின்றவளின் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்து நேராக்கிவிட்டான்.