கிளை நடாத துளைகள்

பொய்மீன் மங்கவேயில்லை. இல்மோவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

தூண்டில் நூலில் தொங்கும், பச்சைப் பூச்சு பூசிய, விரல் நீள ஈயத்துண்டு அது. டார்ச் வெளிச்சத்தில் அரை நிமிடம் காட்டினால் பத்து நிமிடம் ஒளிரும். பிறகு சாம்பல் பூக்கும். மேலே இழுத்து மறுபடி வெளிச்சம் காட்ட வேண்டும். உறைந்த ஏரியின் அடியில் திரியும் மடே மீனைப் பிடிக்கிறவனுக்கு இது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவது போலக் கைப்பழக்கம். ஆனால் இன்று இறக்கி முக்கால் மணி நேரமாகிவிட்டது. இல்மோ ஒருமுறைகூட மேலே இழுக்கவில்லை. பனிக்கட்டியில் போட்ட துளைக்குக் கீழே, மூன்று மீட்டர் ஆழத்தில், சரளைக்கல் மேட்டின் மேல், இப்போதுதான் டார்ச்சைப் பார்த்துவிட்டு வந்ததுபோல அது பளிச்சென்று நின்றது.

"அண்ணி, இது புதுப் பூச்சா?"

"உங்கண்ணன் பூசினது. மூணு வருஷம் ஆச்சு," என்றாள் ஹில்க்கா, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தபடி.

"இவ்வளவு நேரம் நிக்குதே?"

"கீழ யாராச்சும் வெளிச்சம் காட்டறாங்களோ என்னவோ."

சொல்லிவிட்டு அவள் ஃப்ளாஸ்க்கிலிருந்து காபியை ஊற்றிக்கொண்டாள். இல்மோ சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. மணி ஐந்துதான், ஜனவரியில் மூன்றரைக்கே இருட்டிவிடும் ஏரி அது. கூடாரத்துக்குள் மண்ணெண்ணெய் அடுப்பின் நாற்றமும் ஈரக் கம்பளியின் நாற்றமும் கலந்து தொண்டையை அடைத்தன. வெளியே குளிரில் இறுகும் பனிக்கட்டி நீளமாக முனகியது. முனகல் எங்கோ அக்கரையில் கிளம்பி, அவன் காலடியைக் கடந்து, இக்கரைக் காட்டுக்குள் போய் அடங்கியது. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். இன்று மட்டும் அது யாரோ தேடிக்கொண்டு போவது போல இருந்தது.

இந்த மேடு அவன் அண்ணன் தைஸ்தோவுடையது. ஊர்க்கூட்டம் பிரித்துக் கொடுத்த பங்கு. சினைப் பருவத்தில் மடே மீன்கள் இங்கேதான் பந்து பந்தாக வந்து புரளும். "உன் பங்குல போய் பிடிடா," என்று தைஸ்தோ விரட்டிய வயிற்றெரிச்சலில், போன ஜனவரியில் மூன்று நாள் இல்மோ திருட்டுத்தனமாக இங்கே வலை போட்டான். வலை இறக்கக் கதவளவு துளை வெட்ட வேண்டும். வெட்டியவன் சுற்றி ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் கிளைகளை நட வேண்டும், நடந்து வருகிறவன் கண்ணில் படும்படி. இந்தக் கரையில் எவ்வளவு கெட்டவனும் அதில் தவறமாட்டான். இல்மோவும் நான்கு கிளை நட்டான். மூன்றாம் நாள் வலையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, கிளை நின்றால் அண்ணனுக்குத் திருட்டு தெரிந்துவிடுமே என்று நான்கையும் பிடுங்கித் துளைக்குள்ளேயே தள்ளிவிட்டான்.

மறுநாளைக்குள் துளை மேல் பாலாடை போல மெல்லிய பனிக்கட்டி கட்டியிருந்தது. அந்தி மங்கலில் தைஸ்தோ அதன் மேல் நடந்தான்.

உடல் கிடைக்கவில்லை. அடிநீரோட்டத்தில் பனிக்கட்டி மெலிந்திருக்கும் என்று போலீசார் எழுதிக்கொண்டு போனார்கள். தேடியவர்களில் எல்லாரையும்விட உரக்க அழுதவன் இல்மோதான். ஞாயிறுதோறும் அண்ணிக்கு விறகு பிளந்து கொடுத்து, அவள் வைத்த சூப்பைக் குடித்து, முழுப் பூசணிக்காயை ஒரு வருஷமாகச் சோற்றில் மறைத்து வந்தான். இன்று அவள் "மீன் பிடிக்கப் போலாம், வா" என்றபோது, மாட்டேன் என்றால் சந்தேகம் வருமே என்று வந்துவிட்டான். வரும்போது அவள் நேராக நடக்காமல் வளைந்து வளைந்து நடந்தாள். கேட்டதற்கு முழங்கால் வலி என்றாள்.

நூல் கனத்தது. இழுத்தான். கொழகொழவென்று வந்த மடே, மடே மீனின் வழக்கப்படி, வாலை அவன் மணிக்கட்டில் சுற்றி இறுக்கிக்கொண்டது. அவன் உதறினான். ஹில்க்கா நிதானமாக அதைப் பிரித்தெடுத்து, பொய்மீனை அதன் வாயிலிருந்து கழற்றி நூலோடு மறுபடி தண்ணீரில் விட்டுவிட்டு, பலகையில் வைத்து வயிற்றைக் கீறினாள்.

ஈரல் வந்தது. சினை வந்தது. பிறகு ஒரு பிடி பச்சை ஊசியிலை.

கூடாரம் முழுக்க ஸ்ப்ரூஸ் மணம் எழுந்தது, நேற்றுதான் வெட்டியது போல.

"மீன் இலை தின்னுமா, இல்மோ?"

அவள் கத்தி நுனியால் இரைப்பையிலிருந்து ஒரு குச்சியைத் தள்ளினாள். சுண்டுவிரல் தடிமன். அடியில் சாய்வாக, இரண்டே வெட்டில் வெட்டியது. இல்மோ இடதுகைக்காரன், அவன் வெட்டின் அந்தச் சாய்வு அண்ணியின் விறகுக் கொட்டகை முழுக்கக் கிடந்தது.

"மூணு வாரமா இப்படித்தான் வருது. இந்த மேட்டுல மட்டும். யாரோ கீழ உக்காந்து ஊட்டி அனுப்பற மாதிரி." அவள் குரல் உயரவில்லை. "நீயே சொல்லிடு. உன் வாயால கேட்டாப் போதும். ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிடலாம்."

ஒரு சொல். சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். ஆனால் ஒரு வருஷமாகப் பொய்யையே தின்ற நாக்கு அது.

"எனக்கென்ன அண்ணி தெரியும்? எவனாவது நட்டிருப்பான். காத்துல விழுந்திருக்கும்."

"சரி," என்று ஹில்க்கா கத்தியைத் துடைத்து மடித்தாள். அடுப்பை அணைத்துக் கையில் எடுத்துக்கொண்டாள். டார்ச்சையும்தான்.

"எங்க போறீங்க?"

"வீட்டுக்கு. மத்தியானம் ரம்பத்தோட வந்தேன். கூடாரத்தைச் சுத்தி ஏழு துளை. கதவகலம். இந்நேரம் மேல ஆடை கட்டியிருக்கும்."

"கிளை? கிளை நட்டீங்களா?"

"எதுக்குப்பா? காத்துல விழுந்துடுமே."

"அண்ணி, விளையாடாதீங்க. நீங்க எப்படிப் போவீங்க?"

"வெட்டினவளுக்கு வழி தெரியாதா? உனக்குத் தெரிஞ்சுதே." அவள் கூடாரத் துணியை விலக்கினாள். "உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆவணும், கொழுந்தனாரே."

டார்ச் வெளிச்சம் வளைந்து வளைந்து கரையை நோக்கிப் போனது. அவன் வெளியே பாய்வதற்குள் அணைந்தது. நிலவில்லை. காற்று பனித்தூளையெல்லாம் பெருக்கித் தள்ளியிருந்ததால் ஏரி வெறும் கறுப்புக் கண்ணாடியாகக் கிடந்தது. கனத்த பனிக்கட்டியும் கறுப்பு. மெல்லியதும் கறுப்பு. கைபேசி குளிரில் செத்திருந்தது. விடியும்வரை உட்கார்ந்திருக்கலாம் என்று கூடாரத்துக்குள் திரும்பினான். அடுப்பில்லாமல், இந்தக் குளிரில், விடியும்வரை.

துளைக்குள் பச்சை வெளிச்சம் நகர்ந்தது.

நூல் தொளதொளவென்று கிடந்தது. யாரும் இழுக்கவில்லை. வெளிச்சம் மட்டும் சரளைக்கல்லை விட்டு எழுந்து, பக்கவாட்டில் போய், துளையின் விளிம்புக்கு அப்பால் மறைந்தது. பிறகு பனிக்கட்டியின் ஊடே தெரிந்தது. அவன் காலணிகளுக்கு நேர் கீழே. நின்றது.

இல்மோ ஓடினான்.

பத்து அடி ஓடி, துளைகள் ஞாபகம் வந்து, சடக்கென்று நின்றான். வெளிச்சமும் நின்றது. வலது பக்கம் ஓர் அடி வைத்தான். கூடவே வந்தது. மூச்சு மீசையில் உறைந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான்தான்! நான்தான் பிடுங்கினேன் அண்ணி! திருட்டு தெரிஞ்சிடும்னு பிடுங்கினேன்! வெளிச்சம் காட்டுங்க!"

பிறகு கரையிலிருந்து, அண்டை வீட்டாரிடம் பேசுவது போல, ஹில்க்காவின் குரல்.

"எனக்குக் கேட்டுடுச்சு இல்மோ. அவருக்கும் கேட்டிருக்கும்."

ஒரு கதவு சாத்தும் சத்தம். அவ்வளவுதான்.

அவன் குனிந்து பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது.

பனிக்கட்டிக்கு அடியில் இரண்டு காலணிகள். அடிப்பாகம் மேலே பார்த்திருந்தது. அவன் பாதத்துக்கு நேராகப் பாதம். அவற்றுக்குக் கீழே முழங்கால்கள், கம்பளிச் சட்டை, தலைகீழாகத் தொங்கும் தலை. பச்சை வெளிச்சம் வாய்க்குள் இருந்தது. கன்னச் சதை வழியாகக் கசிந்தது.

கூரையில் நடப்பவனைப் போல, கீழே இருந்தவன் ஓர் அடி எடுத்து வைத்தான்.

இல்மோவின் காலும் எழுந்தது. அவன் எழுப்பவில்லை. இன்னோர் அடி. வேண்டாம் என்று நினைத்தான். இன்னோர் அடி. வேண்டாம். கால் கேட்கவில்லை.

முதலில் இரண்டு பாதங்களுக்கும் நடுவே ஒரு சாண் பனிக்கட்டி இருந்தது. பிறகு நான்கு விரல். கீழே உள்ள காலணியில் அறைந்த ஆணித் தலைகள் தெரிந்தன. இரண்டு விரல். ஆணிகளில் படிந்த துரு தெரிந்தது. பனிக்கட்டி முனகுவதை நிறுத்தி, நகத்தால் கீறுவது போல நொறுநொறுத்தது.

ஒரு விரல்கூட இல்லை. மத்தியானத்துத் துளையின் மேல் கட்டிய ஆடைதான்.

கீழே இருந்தவன் நின்றான். உடம்பை மெல்ல மேல்நோக்கி வளைத்தான். வெளிச்சம் வழியும் வாயோடு தம்பியை நிமிர்ந்து பார்த்து, அவனது இரண்டு கால்களையும் சேர்த்து அணைக்கும் அகலத்துக்குக் கைகளை விரித்துக்கொண்டான்.