இடைவெளி

செத்துப்போன புரோகிராமின் நினைவு வேறொன்றின் பெயரில் பதிவாகியிருந்தது.

ஜன்னலில்லாத சர்வர் அறையில், இயந்திரங்களின் ஓயாத இரைச்சலுக்கும் சூடேறிய தூசியின் வாடைக்கும் நடுவே தனியாக உட்கார்ந்திருந்தவன் திரையை மறுபடி படித்தான். ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஓர் எண் உண்டு; ஒன்று செத்தால், அதன் எண்ணைத் தேடி இன்னொரு நிரல் வரும்; செத்ததன் நினைவை அள்ளி, அந்த எண்ணுக்கு உரியவரிடம் ஒப்படைக்கும். முகம் பார்க்காது. சாவுக்கும் அது வந்து சேர்வதற்கும் நடுவே இமைக்கும் நேரம். அதற்குள் அதே எண்ணில் வேறேதோ வந்து உட்கார்ந்திருந்தது. கடவுச்சொற்கள் மொத்தமும் அதன் கைக்குப் போயிருந்தன.

பக்கத்து அறையில் வேலை பார்க்கும் நண்பன் மொட்டையைப் போனில் கூப்பிட்டுச் சொன்னான்.

"பொணம் எடுக்க வந்தவன் பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட சொத்தக் குடுத்துட்டுப் போன கதையா இருக்கே," என்று சிரித்தான் மொட்டை. "போன வாரமே அப்டேட் வந்துச்சு. நீதான மச்சான் அப்புறம்னு தள்ளிவிட்ட? இப்பவாவது அணைச்சுப் போடு."

வீடு எதிர்த் தெருவில்தான். மகள் தூங்காமல் காத்திருப்பாள். 'இதோ வரேன்டா குட்டிப்பிசாசு' என்று அவளுக்குச் சொல்லியிருந்தான். அப்படிக் கூப்பிடுவது அவன் மட்டும்தான்.

இயந்திரத்தின் பின்பக்கம் கைவிட்டு சுவிட்சைத் தேடினான். விரலில் ஈரம். வயர் கருகும் வாடை. விளக்கு அணைந்து எரிந்தது.

தரையிலிருந்து எழுந்தான். வலி இல்லை. நாற்காலி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அதன் மேல் போட்டிருந்த சட்டையைக் காணோம். செல்போனும் இல்லை. கதவுக்கு வெளியே மொட்டையின் குரல்.

"பாத்துப் போ மச்சான்."

யாரிடம் சொல்கிறான்?

கதவு திறக்கவில்லை. தட்டினான். சத்தமே வரவில்லை. மேசைப் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தான். மனைவி எடுப்பதற்குள் யுகம் போனது.

"நான்தாம்மா. கதவத் தெறக்காத. யார் வந்தாலும்."

"யாருங்க நீங்க?"

"நான்தான். குரல் தெரியலையா?"

அழைப்பு மணி கேட்டது. "ராங் நம்பர்ங்க. வைங்க, எங்க வீட்டுக்காரர் வந்துட்டாரு."

போனை அவள் சரியாக வைக்கவில்லை. தாழ்ப்பாள். ஓடும் சின்னக் கால்கள்.

"அப்பா, உங்க கை ஏன் இப்படிச் சுடுது?"

அங்கே யாரோ யோசித்தார்கள்.

இவன் மகள் பெயரைக் கத்த வாயைத் திறந்தான். முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. குளிர்ந்த எதுவோ தலைக்குள் புகுந்து நிதானமாக அள்ளத் தொடங்கியது. பெயர் நாக்கு வரை வந்தது. பிறகு இல்லை.

போனில் அவனுடைய குரல் சொன்னது:

"ஒண்ணுமில்லடா, குட்டிப்பிசாசு."

யாரை அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை.